கெயார் விசாவிலிருந்து ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறலாமா? களுவாஞ்சிகுடித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். ஊர் களுவாஞ்சிகுடி. 2023 நவம்பரில், முதியோர், நோயாளர் பராமரிப்பு வேலைக்குக் கொடுக்கும் கெயார் விசாவில் இங்கிலாந்து போனவர், மனைவியும் சின்னப் பிள்ளையும் கூடவே இருக்கிறார்கள். விசா 2026 நவம்பரில் முடிகிறது. கம்பனி ஒப்பந்தத்தில் எழுதிய மணித்தியாலத்தில் பாதிதான் வேலை தருகிறது. ஏஎல் (உயர்தரப் பரீட்சை) உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் பாஸ். மட்டக்களப்பு டவுனில் ஒரு ஏஜென்சி, "உள்ளேயிருந்தே ஸ்டூடன்ட் விசாவுக்கு மாத்தித் தாறம், பெண்சாதியும் டிபெண்டன்டா இருக்கலாம், நூறு வீதம் உறுதி" என்று சொல்லி முற்பணம் கேட்கிறதாம். (டிபெண்டன்ட் என்றால் ஒருவருடைய விசாவோடு சேர்ந்து தங்குகிற குடும்பத்தவர்.) மாறலாமா, மாறினால் நல்லதா என்று கேட்கிறார். கூடவே கட்டாரில் இருக்கிற மச்சானுக்கும் ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலை செய்கிற மச்சாளுக்கும் இதே யோசனை இருக்கிறதாம்.

நான் ஏஜென்ட் இல்லை. கல்லடியில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு செய்கிறவன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் ரிப்போர்ட் என்று விசாவுக்குப் போகிற கடதாசிகள் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன, சிலவேளை ரிஜெக்ட் கடிதத்தோடு திரும்பியும் வருகின்றன. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் ஏஜென்சி சொன்னதில் முதல் பாதி சரி. கெயார் விசாவில் இருக்கிறவர் இங்கிலாந்துக்குள் இருந்தபடியே ஸ்டூடன்ட் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. விசிட் விசா, ஆறு மாதம் பண்ணைக்குப் பழம் பறிக்கப் போகிற சீசனல் வேர்க்கர் விசா, வீட்டு வேலை விசா என்பவற்றில் போனவர்களுக்குத்தான் அந்தக் கதவு பூட்டு. அவர்கள் ஊருக்கு வந்துதான் அப்ளை பண்ண வேண்டும். அக்கரைப்பற்றுப் பக்கத்தில், "தோட்ட வேலைக்குப் போங்கோ, போன பிறகு கொலிஜில சேர்த்து விடுறம்" என்று காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அது நடக்காத காரியம்.

இரண்டாம் பாதி பொய். 2024 ஜனவரி 1 முதல் தொடங்கிய படிப்புகளுக்கு ஸ்டூடன்ட் விசாவில் குடும்பத்தை வைத்திருக்க வேண்டுமென்றால், அது பிஎச்டி போன்ற ஆராய்ச்சிப் படிப்பாக இருக்க வேண்டும், அல்லது அரசாங்கப் புலமைப்பரிசில் இருக்க வேண்டும். பட்டப்படிப்புக்கும் சாதாரண மாஸ்டர்ஸுக்கும் டிபெண்டன்ட் கிடையாது. நீங்கள் 2024 மார்ச் 11க்கு முன் போனபடியால்தான் கெயார் விசாவில் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிப் போக முடிந்தது, அதற்குப் பிறகு போன கெயார் வேலையாட்களுக்கு அந்த வசதியும் இல்லை. அவர்களுடைய விசா உங்கள் விசாவில் தொங்குகிறது. நீங்கள் பட்டப்படிப்புக்கு மாறினால் அவர்கள் டிபெண்டன்டாகத் தொடர வழியில்லை. இதைச் சொல்லாமல் ஒருவர் முற்பணம் கேட்கிறார் என்றால், அவருக்கு ஒன்றில் சட்டம் தெரியாது, அல்லது தெரிந்தும் மறைக்கிறார். இரண்டில் எது என்றாலும் அவரிடம் காசைக் கொடுக்கக் கூடாது.

இனித் திகதிகள். உள்ளேயிருந்து மாறுகிறவருக்கு, இப்போதைய விசா முடிந்து 28 நாளுக்குள் புதுப் படிப்பு தொடங்க வேண்டும், விண்ணப்பம் அந்த விசா முடிவதற்கு முன்பே போயிருக்க வேண்டும். உங்கள் விசா நவம்பரில் முடிகிறதென்றால் செப்டெம்பர் அல்லது ஒக்டோபரில் தொடங்கும் படிப்பு சரி. 2027 ஜனவரியில் தொடங்குவது சரிவராது, நடுவில் இடைவெளி விழுகிறது. அப்படி ஜனவரிதான் கிடைத்தது என்றால் விசா முடிய முன் ஊருக்கு வந்து இங்கேயிருந்து விண்ணப்பிக்க வேண்டும். உள்ளேயிருந்து என்றால் படிப்பு தொடங்கும் நாளுக்கு மூன்று மாதத்துக்கு முன்னாலிருந்துதான் அப்ளை பண்ணலாம், முடிவு வர வழக்கமாக எட்டுக் கிழமை. அந்த எட்டுக் கிழமையும் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அம்மம்மா செத்த வீட்டுக்கு என்றாலும் பிளேன் ஏறினால் விண்ணப்பம் வாபஸ் பெற்றதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் விதி அதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பல்கலைக்கழகம், உங்களுக்குப் படிக்க இடம் உண்டு என்று உறுதிப்படுத்துகிற, காஸ் என்கிற எண்ணைத் தர வேண்டும். ஸ்டூடன்ட் ஸ்பொன்சர் லைசன்ஸ், அதாவது வெளிநாட்டு மாணவரை எடுக்க அரசாங்கம் கொடுத்த அனுமதி, உள்ள நிறுவனம் மட்டும்தான் அதைத் தரலாம், அந்தப் பட்டியல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கக்கூடியபடி இருக்கிறது. மாடிக் கட்டடத்தில் இரண்டு அறை எடுத்து "ஹெல்த் அண்ட் சோஷல் கெயார் டிப்ளோமா" நடத்துகிற கொலிஜ் எல்லாம் அதில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெயரைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லாத இடத்துக்குக் கட்டிய காசு படிப்புக்கு ஆகலாம், விசாவுக்கு ஆகாது.

காசு விஷயத்தில் உங்களுக்கு ஒரு சலுகை உண்டு, அதை ஏஜென்சிகள் சொல்வதில்லை. செல்லுபடியான விசாவோடு இங்கிலாந்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தவர், ஸ்டூடன்ட் விசாவுக்குப் பாங்கில் வாழ்க்கைச் செலவுக் காசு காட்டத் தேவையில்லை. "ஷோ மணி நாங்க போட்டுத் தாறம், வட்டி இவ்வளவு" என்று யாராவது சொன்னால் உங்கள் விஷயத்தில் அது தேவையே இல்லாத செலவு. ஆனால் பல்கலைக்கழகம் காஸ் தருவதற்கு முன் கட்டணத்தில் ஒரு பங்கைக் கேட்கும், அது வேறு கணக்கு.

செலவைக் கூட்டிப் பார்ப்போம். விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண் ஆக்கினார்கள், ஏப்ரல் பிறந்தால் கூட்டுவது அவர்கள் வழக்கம், ஆகவே கட்டுகிற அன்று பாருங்கள். கெயார் விசாக்காரர்களுக்குச் சுகாதாரக் கட்டணம் இல்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்கு மறந்திருக்கும். ஸ்டூடன்டாக மாறினால் வருடத்துக்கு 776 பவுண், மூன்று வருடப் படிப்பு என்றால் 2,300க்கு மேல், அதுவும் விண்ணப்பத்தோடு ஒரேயடியாக. படிப்புக் கட்டணம் சர்வதேச மாணவர் கணக்கில் வரும், வருடம் பத்தாயிரம் பவுணுக்குக் கீழே கிடைப்பது அரிது. நீங்கள் அங்கே மூன்று வருடம் வரி கட்டியிருக்கிறீர்கள் என்பதற்காக உள்நாட்டு மாணவர் கட்டணம் தரமாட்டார்கள்.

வரவு என்ன? பட்டப்படிப்பு மாணவருக்குப் படிப்பு நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம். பட்டத்துக்குக் கீழான படிப்பு, தனியாகச் செய்கிற ஃபவுண்டேஷன் மாதிரி, என்றால் 10தான். 2026 ஏப்ரல் முதல் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 12.71 பவுண். இருபதால் பெருக்கினால் கிழமைக்கு 254, மாதத்துக்கு ஏறக்குறைய 1,100. அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு போக அதில் கட்டணத்துக்கு என்ன மிஞ்சும்? லீவு காலத்தில் முழுநேரம் செய்யலாம், சரி, அதையும் சேர்த்தாலும் கணக்கு இடிக்கிறது. அப்போதுதான் பெடியன்கள் கையில் காசு வாங்கிக்கொண்டு 40 மணித்தியாலம் செய்யத் தொடங்குகிறார்கள். பிடிபட்டால் விசா போகும், படிப்பும் போகும். சுவிஸில் இருக்கிற அண்ணாவோ மாமாவோ மூன்று வருடமும் கட்டுவதாக உறுதியாகச் சொல்லியிருந்தால் அது வேறு. அந்த உறுதி உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற இடம். எல்லாரும் "மாறலாமா" என்றுதான் கேட்கிறார்கள். படிப்பு முடிந்த மறுநாள் கையில் என்ன விசா இருக்கும் என்று கேட்கிறவர் குறைவு. அந்த மறுநாளில் இருந்து பின்னோக்கி வாருங்கள். படித்து முடித்தவருக்கு அங்கேயே தங்கி வேலை செய்யக் கிராஜுவேட் விசா உண்டு, ஆனால் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அது இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது (பிஎச்டிக்கு மட்டும் மூன்று வருடம்). நீங்கள் இப்போது சேர்ந்தால் அந்த 18 மாதக் கணக்குத்தான். அதற்குப் பிறகு நிற்க வேண்டுமென்றால் ஸ்கில்ட் வேர்க்கர் விசா. 2025 ஜூலை 22 முதல் அதற்குப் பட்டதாரி நிலை வேலை வேண்டும், சம்பளம் பொதுவாக 41,700 பவுண், படித்து முடித்துப் புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு 33,400. பிஸ்னஸ் மெனேஜ்மென்ட் என்று ஏதோ ஒன்றை, அட்மிஷன் லேசு என்பதற்காகப் படித்துவிட்டு அந்தச் சம்பளத்தில் ஸ்பொன்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பு நிற்கும் கம்பனி, தேடுவது எவ்வளவு பாடு என்று அங்கே இருக்கிறவர்களிடமே கேளுங்கள். நேர்சிங் என்றால் கதை வேறு. அது பட்டதாரி நிலை வேலை, சம்பளமும் அந்த 41,700 கணக்கில் பார்ப்பதில்லை, தேசிய சம்பள அளவுத்திட்டப்படிதான். உயிரியல் பாஸும் கெயார் அனுபவமும் உள்ள உங்களுக்கு, மாறத்தான் வேண்டுமென்றால், நான் சொல்லக்கூடிய ஒரே படிப்பு அந்த வகைதான். நேர்சிங், ரேடியோகிராபி, அந்தப் பக்கம்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. கெயார் விசாவில் நீங்கள் போட்ட வருடங்கள் நிரந்தர வதிவிடத்துக்கான வேலை விசாக் கணக்கில் சேர்ந்துகொண்டு வருகின்றன. ஸ்டூடன்ட் காலம் அந்தக் கணக்கில் சேராது, நீண்டகால வதிவிடம் என்கிற பத்து வருடக் கணக்கில்தான் சேரும். கெயார் வேலையாட்களுக்குக் காத்திருக்கும் காலத்தை 15 வருடமாக்கலாம் என்று 2025 நவம்பரில் அரசாங்கம் முன்மொழிந்தது தெரிந்திருக்கும், அதனால்தான் பலர் இப்போது பதறி மாறப் பார்க்கிறார்கள். பதற்றம் விளங்குகிறது. ஆனால் கெயார் விசாவை விட்டு இறங்கினால் திரும்ப ஏறுவது கஷ்டம். வெளிநாட்டிலிருந்து கெயார் வேலைக்கு ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22இல் மூடிவிட்டார்கள். உள்ளே இருக்கிறவர் ஸ்பொன்சர் மாறுவதும் விசா நீடிப்பதும் 2028 ஜூலை வரைக்கும் மட்டும் விட்டிருக்கிறார்கள்.

அதனால் உங்கள் கடிதத்தை நான் இரண்டு தரம் வாசித்த பிறகு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் ஒரு இடத்திலும் என்ன படிக்க ஆசை என்று எழுதவில்லை. கம்பனி மணித்தியாலம் தரவில்லை என்பதைத்தான் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மருந்து வேறு ஸ்பொன்சர். 2025 ஏப்ரல் 9 முதல் இங்கிலாந்தில் கெயார் கம்பனி புதிதாக ஆள் எடுக்க வேண்டுமென்றால், ஸ்பொன்சரை இழந்து ஏற்கெனவே உள்ளே நிற்கிறவர்களிடம் முதலில் தேடிப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கென்று பிராந்தியம் பிராந்தியமாக அமைப்புகள் இருக்கின்றன, அவற்றில் பதியலாம், காசு இல்லை. பே ஸ்லிப், ரோஸ்டர், ஒப்பந்தம் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள், கம்பனி ஒப்பந்தப்படி சம்பளம் தரவில்லை என்று காட்ட அவை போதும். ஸ்பொன்சர்ஷிப்புக்கு யாராவது காசு கேட்டால் அது சட்டவிரோதம், அங்கே கேட்டாலும் இங்கே கேட்டாலும்.

எந்த வழியில் போனாலும், அடுத்த இடம் கையில் வரும்வரை ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். நீங்கள் விலகினால் கம்பனி பத்து வேலை நாளுக்குள் ஹோம் ஒஃபிஸுக்கு (விசா கொடுக்கிற பிரிட்டிஷ் உள்துறை அமைச்சுக்கு) அறிவிக்க வேண்டும், அதன் பிறகு விசாவை 60 நாளாகக் குறைத்துக் கடிதம் வரும். அந்த 60 நாளில் பல்கலைக்கழக அட்மிஷன், ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை, காஸ் எல்லாம் எடுத்து முடிப்பேன் என்று நினைப்பது வீண் நம்பிக்கை.

இன்னும் ஒரு வழி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் மனைவி டிபெண்டன்ட் விசாவிலேயே படிக்கலாம். விசா மாற்ற வேண்டாம், 20 மணித்தியாலக் கட்டுப்பாடு இல்லை, கட்டணம் மட்டும்தான் பாரம். நீங்களும் கெயார் விசாவில் இருந்தபடியே, வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல், பகுதிநேரமாகப் படிக்கலாம். கெயார் துறையில் வேலையோடு சேர்த்துச் செய்கிற லெவல் 2, லெவல் 3 டிப்ளோமாக்கள் இருக்கின்றன, நல்ல கம்பனிகள் அதற்குக் காசும் கட்டும். பட்டம்தான் வேண்டுமென்றால் தொலைக்கல்வி. வேலை விசாவில் இருந்தால் படிக்கவே முடியாது என்று எங்கள் ஊரில் எப்படியோ ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. அது இங்கிலாந்துக்குப் பொருந்தாது.

கட்டாரில் இருக்கிற மச்சானுக்கு இது கொஞ்சம் லேசு, ஏனென்றால் அவருக்கு விசா "மாற்றம்" என்று ஒன்று இல்லை. அவர் அங்கே வேலை விசாவில் இருந்தபடி வேறு நாட்டுக்கு ஸ்டூடன்ட் விசா கேட்கிறார், அவ்வளவுதான். தோஹாவிலிருந்தே விண்ணப்பிக்கலாம், ஊருக்கு வந்தும் விண்ணப்பிக்கலாம். அவருடைய பிரச்சினை காசுத் தடயம். இங்கிலாந்துக்கு வெளியிலிருந்து கேட்கிறவர் முதல் வருடக் கட்டணத்தோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் காட்ட வேண்டும். 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண், ஒன்பது மாதத்துக்கு 10,539. லண்டனுக்குள் மாதம் 1,529, மொத்தம் 13,761. அந்தக் காசு 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், ஒருநாள் ஒரு பவுண் குறைந்தாலும் எண்ணிக்கை திரும்ப முதலிலிருந்து.

யாருடைய கணக்கு என்பதும் முக்கியம். சொந்தக் கணக்கு, தாய் தகப்பன் கணக்கு, சட்டப்படியான பாதுகாவலர் கணக்கு இவைதான் பொதுவாக ஏற்பார்கள். அண்ணா, மாமா, சித்தப்பா கணக்கு செல்லாது, சுவிஸ் பாங்கில் எவ்வளவு இருந்தாலும். உதவி செய்கிறவர் அந்தக் காசை முன்கூட்டியே உங்கள் பேருக்கோ அப்பா பேருக்கோ அனுப்பி, அது அங்கே 28 நாள் கிடக்க வேண்டும். கட்டாரில் இருக்கிற பலர் ஆறேழு வருடம் உழைத்துப் பெருந்தொகை அனுப்பியிருப்பார்கள், ஆனால் உண்டியலில், அதாவது பாங்க் இல்லாமல் தனியார் கைகள் வழியாக. வீடு கட்டி முடிந்திருக்கும், தங்கச்சிக்குக் கல்யாணம் முடிந்திருக்கும், பாங்க் புத்தகத்தில் மட்டும் ஒரு வரி இருக்காது. அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் அதிகாரி, இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. மச்சான் இன்று முதல் பாங்க் வழியாக அனுப்பட்டும், மாற்று வீதம் இரண்டு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், கட்டாரில் வேலையை விடும்போது ஒழுங்காக நோட்டீஸ் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் இரண்டு மாத நோட்டீஸ், அதற்குக் குறைவு என்றால் ஒரு மாதம். ஒரு வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம் சேவைக் கொடுப்பனவாக வர வேண்டும், அதைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அனுபவக் கடிதமும் அப்போதே வாங்க வேண்டும். ஏஎல் எடுத்து எட்டு வருடத்துக்குப் பிறகு படிக்கப் போகிறவரிடம், இத்தனை வருடம் என்ன செய்தீர் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

மச்சாளுக்கு: ஜப்பானில் அவர் தொக்குத்தெய் கினோ என்கிற குறித்த திறன் விசாவில் இருந்தால், அதன் முதல் நிலை மொத்தம் ஐந்து வருடம், குடும்பத்தைக் கூப்பிட முடியாது. ஸ்டூடன்டாக மாற விண்ணப்பிக்கலாம், ஆனால் மாறினால் அனுமதி எடுத்துக்கொண்டு கிழமைக்கு 28 மணித்தியாலம்தான் வேலை, கட்டணம் கையிலிருந்து. பராமரிப்பு வேலையில் இருக்கிற ஒருவர் அப்படிச் செய்வது எனக்கு வீண் வேலையாகத்தான் படுகிறது. மூன்று வருட வேலை அனுபவமும் அதற்குரிய பயிற்சியும் இருந்தால் அவர் கைகோ ஃபுக்குஷிஷி என்கிற தேசிய பராமரிப்பாளர் பரீட்சை எழுதலாம், ஜனவரியில் நடக்கும். பாஸானால் "கைகோ" விசா. அதற்கு வருட எல்லை இல்லை, நீடித்துக்கொண்டே போகலாம், குடும்பத்தையும் கூப்பிடலாம். பரீட்சை ஜப்பானிய மொழியில், கஷ்டம்தான், ஆனால் 2026 பரீட்சையிலிருந்து பகுதி பகுதியாகப் பாஸ் பண்ணும் முறை வந்திருக்கிறது. மொழிப் பாடசாலைக்குக் கட்டப் போகிற காசில் கொஞ்சத்தை அந்தப் பரீட்சைக்கான வகுப்புக்குக் கட்டச் சொல்லுங்கள்.

அவுஸ்திரேலியாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அதே ஏஜென்சி நாளைக்கு அதையும் விற்கும். விசிட் விசாவில் போய் உள்ளே ஸ்டூடன்டாக மாறுவது 2024 ஜூலை 1இலிருந்து அங்கே முடியாது. ஸ்டூடன்ட் விசாக் கட்டணமே 2025 ஜூலையில் 2,000 டொலர் ஆகிவிட்டது, ரிஜெக்ட் ஆனால் திரும்ப வராது.

இனி என் மேசைக் கதை. அண்மையில் திருக்கோவில் பக்கத்துப் பிள்ளை ஒருவரின் ஃபைல் வந்தது. அப்பாவின் பாங்க் கணக்கைக் காட்டுகிறார், காசு போதும், 28 நாளும் சரி. ஆனால் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுதாக எழுதியிருக்கிறது, பாங்கில் முதலெழுத்தோடு சுருக்கி வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது, அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி. எங்களுக்கு ஒரே ஆள் என்று பார்த்த உடனே தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரிக்கு இது மூன்று ஆட்கள். அவர் போன் எடுத்துக் கேட்கக் கடமைப்பட்டவர் இல்லை. சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, பாங்கில் பெயரை அடையாள அட்டைப்படி திருத்தி, கடிதம் வாங்கி, அதன் பிறகுதான் அனுப்பினார்கள். இந்த வேலை இரண்டு மூன்று கிழமை பிடிக்கும். காஸ் வந்த பிறகு தொடங்கினால் நேரம் காணாது. மொழிபெயர்க்கிற நான் பிழையான பெயரைச் சரியாக்கி எழுத முடியாது, மூலத்தில் உள்ளதைத்தான் எழுதலாம். "கொஞ்சம் மாத்தி அடியுங்கோ ஐயா" என்று கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதும் இந்தத் தொழிலில் ஒரு பங்கு.

போலிக் கடதாசி பற்றி ஒரு வரி. பாங்க் கடிதமோ ஏஎல் சான்றிதழோ பொய்யாக வைத்து மாட்டினால் இங்கிலாந்து பத்து வருடத்துக்குக் கதவைப் பூட்டலாம், அவுஸ்திரேலியா மூன்று வருடத்துக்கு. ஏஜென்ட் வைத்தார், எனக்குத் தெரியாது என்பது எடுபடாது, விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர். சுவரில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தொங்குகிறது என்பதைக் காட்டி நம்பவைப்பார்கள். அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கான அனுமதி, படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே தம்பி, முற்பணம் கொடுக்க வேண்டாம். இந்த மாதம் பிராந்திய அமைப்பில் பதிந்து வேறு ஸ்பொன்சர் தேடுங்கள். மனைவியிடம் படிக்க விருப்பமா என்று கேளுங்கள். நேர்சிங் பக்கம் உண்மையிலேயே மனம் இருந்தால், குடும்பம் ஊருக்குத் திரும்ப வேண்டிவரும் என்பதை இருவரும் இருந்து பேசி முடிவெடுத்த பிறகு, ஐஈஎல்டிஎஸ் யூகேவிஐ (பிரிட்டிஷ் விசாவுக்கு ஏற்கப்படும் ஐஈஎல்டிஎஸ் வகை) பரீட்சைக்குத் திகதி போடுங்கள், செப்டெம்பர் அனுமதிக்குப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக எழுதுங்கள், அதற்கு ஏஜென்ட் தேவையில்லை. ஊரில் அம்மாவிடம் சொல்லி உங்களுடைய, மனைவியுடைய பிறப்புச் சான்றிதழ்களும் விவாகச் சான்றிதழும் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பெயர்களைக் கடவுச்சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள், கடவுச்சீட்டு முடியும் திகதியையும் சேர்த்து.